தீனிப்பூச்சி என்று எழுதியிருந்தது

என் அக்காவோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. பவுடர் போட்டுக்கொண்டு அவள் அறைக்குள் போகக்கூடாது. கொசுவர்த்தி ஏற்றக்கூடாது; கொசுவைக் கையால் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவள் துணியை எங்கள் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. வாசனை சோப்பு வாசற்படியைத் தாண்டி வரவே கூடாது. என் மனைவி கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு சென்ட் பாட்டில் வாங்கினாள். அதைப் பீரோவுக்குள்ளேயே வைத்திருந்து, ஆறு வருஷம் கழித்து, முக்கால் பாட்டிலை அப்படியே குப்பையில் போட்டாள்.

"உங்க அக்காவுக்கு நம்ம வீடே நாறுது போல இருக்கு," என்பாள் மனைவி, அக்கா காதில் விழும்படியாகவே.

"எனக்கு நாறல. என் எறும்புங்களுக்கு நாறும்," என்று அக்கா அறைக்குள் இருந்தபடியே பதில் சொல்வாள்.

பேச்சு வளர்ந்தால் நான்தான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பேன். அதைப் பார்ப்பதில் இரண்டு பேருக்குமே ஒரு திருப்தி.

அக்கா வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சிப் பிரிவில். ஆய்வக உதவியாளர், இரண்டாம் நிலை என்பது காகிதத்தில் இருக்கும் பெயர். வாட்ச்மேனிலிருந்து டைரக்டர் வரை எல்லோருக்கும் அவள் எறும்பக்கா. மாமா வேலை தேடி வெளிநாடு போய், போன இடத்தில் இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்ட பிறகு, பாட்டில் கழுவுகிற வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் எறும்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கே பத்தொன்பது வருஷம். ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பத்தை அவளே நிரப்பி, என்னிடம் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். அப்படி உள்ளே நுழைந்தவன் நான். கட்டடத்தின் தரைத் தளத்தில், கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால், பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

எறும்பு அறையில் இரும்பு அலமாரி நிறைய பிளாஸ்டிக் பெட்டிகள். எறும்பு ஏறி வராமலிருக்க உள்விளிம்பில் வழவழவென்று ஒரு பூச்சு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தண்ணீர் ஊற்றிப் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்கள். ராணிகளும் குஞ்சுகளும் அதற்குள். தினமும் காலையில் பஞ்சு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள், செத்ததை இடுக்கியால் எடுத்து எண்ணுவாள், சர்க்கரைத் தண்ணீர் மாற்றுவாள், உறைய வைத்த சில்வண்டைத் துண்டு போட்டு வைப்பாள். பெட்டிக்குப் பெட்டி தனி இடுக்கி, தனி பிரஷ். ஒன்றின் பிரஷ்ஷை இன்னொன்றில் விட்டால் போச்சு. எல்லாவற்றையும் நீள நோட்டில் பொடிப்பொடி எழுத்தில் எழுதி வைப்பாள். அந்த நோட்டை அவளைத் தவிர யாரும் திறந்து பார்த்து நான் கண்டதில்லை.

"அதுங்களுக்கு மூஞ்சி கிடையாதுடா. வாசனைதான் மூஞ்சி," என்று எனக்கு ஒருமுறை விளக்கினாள். எறும்பின் உடம்பு முழுக்க மெழுகு மாதிரி மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறதாம். அதன் கலவை கூட்டுக்குக் கூடு மாறுமாம். எதிரே வருவதைக் கொம்பால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், நம் வீட்டு ஆளா அடுத்த வீட்டு ஆளா என்று தெரிந்துவிடும். நம் ஆள் என்றால் வழிவிட்டுப் போகும். இல்லையென்றால் காலைக் கவ்வி இழுக்கும். ஓர் எறும்பை நசுக்கினால் அந்த வாடையிலேயே பெட்டி முழுக்கக் கலவரம் கிளம்பும். சர்க்கரையைக் கண்டுபிடித்த எறும்பு கூடு வரைக்கும் தரையில் வாசனையால் கோடு போட்டுக்கொண்டே வரும். அக்கா விரலால் அந்தக் கோட்டை ஓர் இடத்தில் துடைத்துக் காட்டினாள். பின்னால் வந்த கூட்டம் அங்கே நின்று திருதிருவென்று முழித்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, துடைத்ததற்காக அன்று மாலை வரை வருத்தப்பட்டாள். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

இந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். முப்பது வயது இருக்கும். நடந்துகொண்டே சாப்பிடுவார், சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி கேட்பதற்கு எளிமையானது. மூன்றாம் நம்பர் கூடு, பழுப்பு நிறத்தில் பொடி எறும்பு, ராணிகளே முப்பது நாற்பது. அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைப் பழைய அறையிலும் மறு பாதியை மாடியில் வேறோர் அறையிலும் எட்டு வாரம் வைக்க வேண்டும். பிறகு ஒன்றாக விட வேண்டும். பிரிந்திருந்தவை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கண்டுகொள்ளும் என்று எல்லோருக்குமே நம்பிக்கை. டாக்டரம்மா கட்டுரையில் பாதியை எழுதியே வைத்துவிட்டார்.

பழைய அறையின் ஃப்ரீசரில் சில்வண்டு மூன்று மாதத்துக்கு இருந்தது. மாடி அறைக்குத் தனியாகத் தீனி வாங்க இண்டென்ட் போட்டார்கள். இண்டென்ட் என்பது எங்கள் அலுவலகத்தில் பொருள் கேட்கிற படிவம். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தீனிப்பூச்சி, உயிருடன், அரைக் கிலோ." படிவத்தை அச்சடித்த புண்ணியவான் எந்தக் காலத்திலோ பொருட்பட்டியலில் அந்தப் பெயரைப் போட்டுவிட்டான், அதைத்தான் எல்லோரும் பார்த்து எழுதுவார்கள். தீனிப்பூச்சி என்றால் சில்வண்டு என்று எங்களுக்குத் தெரியும்.

பூச்சி சப்ளை செய்கிறவர் அந்த வாரம் கையை விரித்துவிட்டார்.

"சில்வண்டு எல்லாம் நோய் வந்து போச்சு சார். கரப்பான் இருக்கு. சின்ன ரகம், நல்லா வளர்த்தது. எடுத்துக்கங்க," என்றார்.

பொருள் மாறினால் மாற்றுப் பொருள் படிவம் போட வேண்டும். மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றில் ஒருவர் எப்போதும் லீவில் இருப்பார். போன வருஷம் ஒருமுறை கையெழுத்துக்குக் காத்திருக்காமல் கையுறை அளவை மாற்றி வாங்கியதற்கு என் மேல் ஒரு மெமோ இருந்தது. இன்னொன்று வந்தால் எனக்கு வரவிருந்த ஸ்டோர் சூப்பர்வைசர் பதவி கைநழுவிப் போகும். சப்ளையர் பெட்டியோடு நிற்கிறார், மாடியில் எறும்பு பசியோடு இருக்கிறது. இண்டென்ட்டைத் திரும்பப் படித்தேன். தீனிப்பூச்சி. கரப்பானும் பூச்சிதானே, தீனிக்குத்தானே வருகிறது? ரெஜிஸ்டரில் "தீனிப்பூச்சி, அரைக் கிலோ, வரவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா பெட்டியைத் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"என்னடா இது? கரப்பான் வந்திருக்கு?"

"கிடைச்சது அதுதான். பூச்சி பூச்சிதானே, எறும்புக்குக் கசக்கவா போகுது?"

"கசக்காது. ஆனா நோட்டுல கரப்பான்னு எழுதிடுவேன்."

"அய்யோ, எழுதித் தொலைச்சிடாதே. படிவம் போடாம எடுத்திருக்கேன். மாட்டிக்குவேன்."

"அப்போ சில்வண்டுன்னு பொய் எழுதச் சொல்றியா?"

"பொய் வேண்டாம். தீனிப்பூச்சின்னு எழுது. இண்டென்ட்ல அப்படித்தான் இருக்கு. யாருக்கும் பொய் இல்ல பாரு."

என்ன சாமர்த்தியம் என்று அன்றைக்கு எனக்கே என் மேல் ஒரு மெச்சுதல். அக்கா பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். பத்தொன்பது வருஷமாகச் சில்வண்டு ஆறு, சில்வண்டு எட்டு என்று எழுதிய கை, மாடி அறை நோட்டில் மட்டும் எட்டு வாரம் தீனிப்பூச்சி, தீனிப்பூச்சி என்று எழுதியது. அரைக் கண்ணால் பார்த்தாலும் யாருக்கும் உறுத்தியிருக்கும். பார்க்கத்தான் ஆளில்லை.

எட்டு வாரம் முடிந்தது. டாக்டரம்மா கேமராவை மாட்டிவைத்து, டைரக்டரையும் கூப்பிட்டு, இரண்டு பாதியையும் ஒரு பெரிய தட்டில் சேர்த்து விட்டார். நான் பல்பு மாற்றுகிற சாக்கில் அங்கே நின்றிருந்தேன். முதல் இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் தட்டின் நடுவே சின்னச் சின்ன உருண்டைகளாக எறும்புகள் கட்டிப் புரள ஆரம்பித்தன. ஒன்றின் காலை இரண்டு பிடித்து இழுத்தன. இன்னொன்றின் கொம்பு தனியாகக் கிடந்தது. அரை மணி நேரத்தில் தட்டு முழுக்கப் பிணம். அக்கா சுவரோரமாக நின்றுகொண்டு, "நிறுத்துங்க, பிரிச்சிடுங்க," என்று இரண்டு முறை சொன்னாள். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா முகம் வெளுத்துப்போனது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கட்டுரையைப் பாதி எழுதிவிட்ட மனிதருக்கு யார் மேலாவது பழி போட்டாக வேண்டும்.

"இது மூணாம் நம்பரே இல்ல. மாடிக்கு வேற கூடு போயிருக்கு. பெட்டி மாறியிருக்கு," என்றார்.

"மாறல டாக்டரம்மா. நானே எண்ணி எண்ணி மாத்தினேன்," என்றாள் அக்கா.

"அப்போ ஏன் கொல்லுது? ஒரே கூடுன்னா கொல்லாதே?"

அக்கா குனிந்து, செத்ததை இடுக்கியால் எடுத்து எண்ண ஆரம்பித்தாள். அன்று சாயங்காலமே காகிதம் வந்தது. பெட்டி மாறியது பற்றி விளக்கம் தர வேண்டும். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டைரக்டர் அறையில் விசாரணை. விளக்கம் சரியில்லாவிட்டால் எறும்பு அறையிலிருந்து மாற்றி மறுபடியும் பாட்டில் கழுவுகிற இடத்துக்கு அனுப்பப்படுவாள். அக்கா அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "தலைவலி," என்று படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "கிளம்பு, ஆபீஸ் வரைக்கும் போகணும்," என்றாள். லீவு நாள், அந்த நீண்ட வராந்தாவில் எங்கள் இரண்டு பேர் செருப்புச் சத்தம்தான். எறும்பு அறையில் மேஜை மேல் இரண்டு சின்னக் குழாய்களை எடுத்து வைத்தாள். இரண்டிலும் பழைய அறையில் மிச்சமிருந்த மூன்றாம் நம்பர் எறும்புகள், இருபது இருபதாக. ஒரு குழாயில் இருந்தவற்றின் முதுகில் வெள்ளைப் பொட்டு, அவற்றைச் சில்வண்டுத் துண்டோடு இரண்டு நாள் வைத்திருந்தாளாம். இன்னொன்றில் மஞ்சள் பொட்டு, அவற்றோடு கரப்பான் துண்டு.

"பாரு," என்று வெள்ளைப் பொட்டுக்காரர்களைப் பழைய பெட்டிக்குள் விட்டாள். மற்றவை கொம்பால் தட்டிப் பார்த்தன, போய்விட்டன. அடுத்து மஞ்சள் பொட்டு. முதலாவது நான்கு அடி நடப்பதற்குள் அதன் காலை ஒன்று கவ்வியது. பிறகு இன்னொன்று. கூடப்பிறந்ததுகள். வெள்ளிக்கிழமை வரை ஒரே குழாயில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தவை.

அக்கா அவசர அவசரமாக மஞ்சள் பொட்டு எறும்புகளை இடுக்கியால் எடுத்தாள். இரண்டு எறும்பைக் காப்பாற்ற முடியவில்லை.

"கரப்பான் மேல இருக்கிற மெழுகு இதுங்க மேல ஏறிக்குதுடா. தின்னுதுங்க, தொட்டுப் புரளுதுங்க. எட்டு வாரம். இதுங்களுக்கு வாசனை மாறிப்போச்சு. அவ்வளவுதான்."

எனக்குப் பயம் வந்தது. எறும்பு சண்டை போட்ட காரணம் தெரிந்ததற்காக இல்லை. அந்தக் காரணத்துக்கு என் கையெழுத்து இருந்ததற்காக.

"கீழ இருக்கிற சில்வண்டுல பாதியை மேல எடுத்துட்டுப் போய்க் கலந்து போட்டிருக்கணும். எனக்குத் தோணல," என்று அவளே தொடர்ந்தாள். "நோட்டுல எழுதாம விட்டது என் தப்பு. ஆனா பெட்டி மாறலடா. பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள் கூட பெட்டி மாத்தினதில்ல."

"தெரியும்கா."

"நாளைக்கு விசாரணை ஆரம்பிக்கிறதுக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு. நான் சொன்னா தம்பியைப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். நீ சொன்னா, சும்மா ஒரு படிவம் போடாம விட்டது, அவ்வளவுதான்."

"சொல்லிடறேன்," என்றேன். அந்த நிமிஷத்தில் சத்தியமாகச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு டாக்டரம்மா அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார், கையைக் காட்டி அப்புறம் வரச் சொன்னார். பத்து மணிக்கு டைரக்டர் அறைக்குப் போனேன். அவருடைய உதவியாளர், "சூப்பர்வைசர் போஸ்ட் விஷயமா? ஃபைல் இந்த வாரம் மேல போகுது, கவலைப்படாதீங்க," என்று சிரித்தார். நான் கேட்காமலேயே ஏன் சொன்னார் அந்த மனிதர்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக்கூடாதா? திரும்பி வந்து என் ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டேன். பத்தே முக்காலுக்கு எனக்கே ஆள் வந்தது. தீனி பற்றிக் கேட்க என்னையும் விசாரணைக்குக் கூப்பிடுகிறார்களாம்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் டைரக்டர், டாக்டரம்மா, நிர்வாக அதிகாரி. இந்தப் பக்கம் நாற்காலியின் நுனியில் அக்கா. எனக்கு நாற்காலி போடவில்லை.

"இந்த எட்டு வாரத்துல தீனியில ஏதாவது மாத்தம் உண்டா?" என்று டைரக்டர் கேட்டார்.

இதைவிடச் சுலபமாக யாரும் வழி விட முடியாது. ஒரு வார்த்தை. அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு பயமும் இல்லை. தம்பி வந்துவிட்டான், இனி கவலையில்லை என்று உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல சார். இண்டென்ட்ல என்ன இருக்கோ அதுதான் வந்துச்சு. ரெஜிஸ்டர் இருக்கு, பாருங்க," என்றது என் வாய்.

டைரக்டர் ரெஜிஸ்டரைப் பார்த்தார், இண்டென்ட்டைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே வார்த்தை. டாக்டரம்மா அக்காவின் நோட்டைப் புரட்டினார். அதிலும் அதே வார்த்தை. மூன்றும் பொருந்தியதில் நிர்வாக அதிகாரிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று அக்காவிடம் கேட்டார்கள்.

"பெட்டி மாறல சார்," என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசியிருக்கலாம். குழாயைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்து, இதோ பாருங்கள் என்று மஞ்சள் பொட்டைக் காட்டியிருக்கலாம். என்னைக் கை காட்டி, இவன்தான் என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பேசாமல் இருந்து என்னை இப்படி ஆக்கிவிட்டாளே என்று படிக்கட்டு முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். யோக்கியதையைப் பாருங்கள்.

மறுநாளே அவளைப் பாட்டில் கழுவுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். தரைத் தளத்துக்கும் கீழே ஓர் அறை, இரண்டு தொட்டி, ஒரு வெந்நீர்க் குழாய், ஜன்னல் கிடையாது. எறும்பு அறைக்கு கான்ட்ராக்டில் ஓர் ஆளைப் போட்டார்கள். அவர் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டு பாடிக்கொண்டு வேலை செய்வார். இரண்டே வாரத்தில் ஏழாம் நம்பர் கூடு பஞ்சு காய்ந்து செத்தது. அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து கழுவ வந்த குழாய்களை அவள்தான் கழுவினாள். குழாய்க்கெல்லாம் அவள் கையாலேயே நம்பர் ஒட்டியிருந்தது.

வீட்டில் ஒரு மாதம் போல வேண்டியதற்கு மட்டும் பேசினாள். ஒருநாள் அக்கா குளித்துவிட்டு வந்தபோது என் மனைவி மூக்கை உறிஞ்சி என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, என்ன சோப்பு இது? நல்ல வாசனையா இருக்கே?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"கடையில இருந்தது. எதுவா இருந்தா என்ன இப்போ?" என்றாள் அக்கா.

இத்தனை வருஷம் அந்த ஒரு விஷயத்துக்காக மல்லுக்கட்டியவள் என் மனைவி. ஜெயித்ததும் சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, "என்ன நடந்துச்சுன்னு இப்போ சொல்றீங்களா, இல்ல நான் போய் உங்க டைரக்டரைக் கேட்கட்டுமா?" என்றாள். சொன்னேன். "நீங்க எல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டாள். 

அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் தப்பு முழுக்க என்னுடையதாக இருந்தது. இரண்டாவதில் சப்ளையர் வந்தார். மூன்றாவதில் படிவத்தில் இருக்கும் சொல்லின் குறைபாடு வந்தது. நான்காவதில் ஒரு வரி சேர்த்தேன்: "தீனி மாறிய விஷயம் உதவியாளருக்கும் தெரியும். இருவரும் பேசியே நோட்டில் தீனிப்பூச்சி என்று எழுதுவதென்று முடிவு செய்தோம்." அது பொய் இல்லை. எனக்கு வரும் அடி கொஞ்சம் பகிர்ந்து விழட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தைத்தான் கொடுத்தேன்.

டாக்டரம்மா கடிதத்தைப் படித்ததும் திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டார். "கரப்பானா? தீனியாலயா? நிஜமாவா?" அன்றே சோதனையை ஆரம்பித்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டியது இரண்டு நாளில் அப்படியே நடந்தது. இதை வேறு ரகக் கரப்பானில், வேறு கூட்டில், எத்தனை நாளில் வாசனை ஏறுகிறது, எத்தனை நாளில் இறங்குகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஏற்கெனவே எழுதிய பாதிக் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். அதற்குக் கை நடுங்காத ஆள் வேண்டும், பிரஷ்ஷை மாற்றிப் போடாத ஆள் வேண்டும். ஒரே வாரத்தில் அக்காவைத் திரும்ப எறும்பு அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கூப்பிடுவதற்கு முன்னால் நிர்வாக அதிகாரி தன் வேலையை முடித்துவிட்டார். ஸ்டோர் ரெஜிஸ்டரில் இருப்பது இண்டென்ட்டில் இருக்கும் சொல். அது விதிப்படி சரி. எனவே எனக்கு வாய்மொழி எச்சரிக்கை. நோட்டில் இருப்பதோ உதவியாளர் தன் கைப்பட, தெரிந்தே எழுதியது. அதற்கு எழுத்துபூர்வமான சாட்சியாக என் கடிதமே இருக்கிறது. எனவே அவளுக்கு மெமோ. இருபத்தொரு வருஷத்தில் முதல் மெமோ. பணிப் பதிவேட்டில் ஏறிவிட்டது. நான் போய், அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். "எழுதிக் கொடுத்ததை எப்படி சார் எடுக்கிறது?" என்று அவர் என்னையே கேட்டார். மெமோவோடு என் கடிதத்தின் நகலையும் இணைத்து அக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

இருந்தாலும் அவள் திரும்பிப் போய்விட்டாளே என்று எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. முதல் நாள் காலையில் அவள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். பத்து மணிக்குச் சில்வண்டு வந்தது. இம்முறை இண்டென்ட்டில் நானே சில்வண்டு என்று எழுத வைத்து, மூன்று கையெழுத்தும் வாங்கியிருந்தேன். கீழ்நிலை ஆளிடம் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எறும்பு அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன்.

அக்கா கதவைத் திறந்தாள். கையில் இடுக்கி. சோப்பு வாசனை இல்லை. அவளுக்குப் பின்னால் மேஜையில் மூன்றாம் நம்பரின் மிச்சம் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. பக்கத்தில் என் கடிதத்தின் நகல்; அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று ரெஜிஸ்டருக்குக் கையை நீட்டினாள்.

நான் ரெஜிஸ்டரைக் கொடுக்காமல் நின்றேன்.

"அக்கா," என்றேன். "நான்தான்கா."

"தெரியுது சார்," என்றாள். "பெட்டியை அங்கேயே வெச்சிட்டுப் போங்க."